செயின்சாவுக்கு மாற்று பார்: யார் செய்கிறார்கள், எதைப் பார்த்து வாங்குவது

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் மரம் வெட்டும் வேலை செய்கிறேன். ஸ்டீல் கம்பெனியின் எம்எஸ் 381, ஹஸ்க்வர்னா கம்பெனியின் 365, வீட்டுத் தோட்ட வேலைக்கு ஸ்டீல் எம்எஸ் 170 என்று மூன்று செயின்சா மெஷின் இருக்கிறது. மூன்றிலும் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, தேய்ந்துவிட்டது. கடையில் ஒரே நீளத்தில் நான்கைந்து பெயர்களில் பார் காட்டுகிறார்கள். ஒன்றின் விலை இன்னொன்றில் பாதிதான் இருக்கிறது. இவற்றை உண்மையில் யார் செய்கிறார்கள்? ஒரு கம்பெனி மெஷினுக்கு இன்னொரு கம்பெனியின் பாரைப் போடலாமா? புனித வெள்ளித் தீமிதிக்குக் கோயிலுக்கு விறகு வெட்டித் தர வேண்டும். அதற்குள் வாங்கியாக வேண்டும்.

பதில்:

போடலாம். பாரின் மேல் அடித்திருக்கும் பெயர் மெஷினின் பெயராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மெஷினில் மாட்டும் வால் பகுதியின் வடிவம், பிட்ச், கேஜ், நீளம், டிரைவ் லிங்க் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும் எவ்வளவு விலை கொடுத்த பாரும் வீண். யார் செய்தது என்பதை அதற்குப் பிறகு பார்ப்போம்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். பழைய பாரைக் கழற்றித் துடைத்து, அது ஏன் தேய்ந்தது என்று பாருங்கள். காரணம் மெஷினில் இருந்தால் புதிய பாரும் அதே கதிக்குத்தான் போகும்.

பழைய பாரைப் படித்துப் பார்ப்பது

பாரின் இரு விளிம்புகளும் செயின் ஓடும் தண்டவாளம். நடுவில் இருப்பது காடி. செயினின் அடிப்பகுதியில் துருத்திக்கொண்டிருக்கும் பல்லைத்தான் டிரைவ் லிங்க் என்கிறோம். அது காடிக்குள் ஓடுகிறது. விளிம்பு தேயத் தேயக் காடியின் ஆழம் குறையும். ஒரு கட்டத்தில் டிரைவ் லிங்கின் நுனி காடியின் அடியைத் தொடும். அதன்பின் செயின் விளிம்பில் உட்காராமல் நுனியில் நின்றபடி ஓடும். அந்தப் பாருக்கு மருந்து கிடையாது. குறைந்தபட்ச ஆழம் இவ்வளவு என்று ஸ்டீல் தன் கையேடுகளில் செயினின் பிட்ச் அளவை வைத்துக் கொடுக்கிறது (பிட்ச் என்ன என்று கீழே சொல்கிறேன்): 3/8 பிக்கோ செயினுக்கு 5 மில்லிமீட்டர், .325க்கும் சாதாரண 3/8க்கும் 6, .404க்கு 7. வெர்னியரின் வால் கம்பியைக் காடிக்குள் விட்டு மூன்று நான்கு இடத்தில் அளந்தால் தெரிந்துவிடும். பாரின் அடிப்பக்கம், வெட்டும் வேலை அதிகம் நடக்கும் நடுப்பகுதியில், முதலில் தேயும்.

அடுத்து, கண்ணாடி மேசையிலோ சமமான இரும்புத் தகட்டிலோ பாரை அதன் விளிம்பில் நிறுத்துங்கள். ஒரு மூலைமட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். பார் ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு விளிம்பில் ஒன்று தாழ்ந்திருக்கிறது. மரத்தில் வெட்டு நேராக இறங்காமல் வளைந்து போவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் செயினில் ஒரு பக்கத்துப் பல் மட்டும் நீளமாக இருப்பது. ஒரு விளிம்பு தாழ்ந்திருந்தால் தட்டை அரத்தால் உயரமான விளிம்பை இறக்கிச் சமப்படுத்தலாம், காடியில் ஆழம் மிச்சமிருந்தால். விளிம்பின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் பிசிறையும் அப்போதே அரத்தால் எடுத்துவிடுங்கள். பிசிறு மரத்தில் உரசும், உடைந்தால் விளிம்பைச் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும்.

செயினைப் பாரில் மாட்டி, ஒரு வெட்டுப்பல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நேரான ஒரு ஸ்கேலை வெட்டுப்பல்லின் பக்கமும் பாரின் பக்கமும் சேர வையுங்கள். பாருக்கும் ஸ்கேலுக்கும் நடுவே சிறிய இடைவெளி இருந்தால் நல்லது. செயின் சாய்ந்து ஸ்கேல் பாரோடு ஒட்டிக்கொண்டால் காடி அகன்றுவிட்டது. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டைக் காடிக்குள் வைத்து, பட்டறைக்கல்லில் விளிம்பைத் தட்டி நெருக்குகிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஒரு வாரம் ஓடும், அவ்வளவுதான்.

நீலம் பாய்ந்த இடங்களைத் தேடுங்கள். விளிம்பில் நீலநிறத் திட்டு தெரிந்தால் அந்த இடம் சூடேறி, இரும்பு கடினம் இழந்துவிட்டது. காரணம் பெரும்பாலும் எண்ணெய் வராதது. பாரின் எண்ணெய்த் துளையில் மரத்தூள் அடைத்திருக்கும், அல்லது மெஷினில் எண்ணெய் வரும் வாய், பம்பு, தொட்டியின் உள்ளே இருக்கும் வடிகட்டி ஆகியவற்றில் ஒன்று கோளாறாக இருக்கும். மொட்டைச் செயினை வைத்து அழுத்தி வெட்டினாலும், செயினை அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே நீலம் வரும். பாரின் முன்நுனியான மூக்கின் பின்னால் விளிம்பு துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தால் செயின் தளர்வாக ஓடி அங்கே அடித்திருக்கிறது. மூக்கிலேயே நீலம் என்றால் மூக்கு ஸ்ப்ராக்கெட் (அங்கே செயினைச் சுற்றிவிடும் பல்சக்கரம்) தேய்ந்து, செயினைத் தூக்கிப் பிடிக்காமல் விளிம்பில் உரச விட்டிருக்கிறது.

கடைசியாக மெஷினில் செயினை ஓட்டும் பல்சக்கரமான டிரைவ் ஸ்ப்ராக்கெட். அதன் பற்களில் செயின் பதித்த பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள். புதுப் பார், புதுச் செயின், பழைய ஸ்ப்ராக்கெட் என்று போட்டால் செயின் சீக்கிரம் நீண்டு, புதுப் பாரையும் கெடுக்கும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது பழைய நல்ல கணக்கு.

ஐந்து அளவுகள்

பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் நடுவில் முதலாவதிலிருந்து மூன்றாவது வரை அளந்து, பாதியாக்கினால் பிட்ச். நம்மிடம் புழங்குவது 1/4, .325, 3/8 பிக்கோ, 3/8, .404 அங்குலம். 3/8 பிக்கோவும் 3/8ம் அளவில் ஒன்றாகத் தெரியும், ஆனால் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. பிக்கோ சிறிய மெஷினுக்கான தாழ்ந்த செயின். அதன் மூக்கு ஸ்ப்ராக்கெட்டும் டிரைவ் ஸ்ப்ராக்கெட்டும் வேறு. கடைக்காரரிடம் "3/8" என்று மட்டும் சொன்னால் தவறான பாரோடு வீடு திரும்ப நேரிடும்.

கேஜ்: டிரைவ் லிங்கின் கனம், அதாவது காடியின் அகலம். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று நான்கு. தேய்ந்த பாரின் காடியை அளந்து முடிவு செய்யாதீர்கள், அது அகன்றிருக்கும். டிரைவ் லிங்கை அளந்து பாருங்கள், அதுவும் நுனியில் அல்ல, ரிவெட்டுக்கு அருகில். புதுப் பாரில் சந்தேகம் வந்தால் 1.5 மில்லிமீட்டர் துளையிடும் பிட்டின் தண்டை விட்டுப் பாருங்கள்.

இந்த இரண்டையும் அளக்காமலே படிக்க வழி இருக்கிறது. ஸ்டீல் செயினில் வெட்டுப்பல்லின் முன்னால் நிற்கும் ஆழமட்டத்தில் பிட்ச் எண் அடித்திருக்கும்: 2 அல்லது 325 என்றால் .325, 3 அல்லது 3/8 என்றால் 3/8, 4 அல்லது 404 என்றால் .404, 6 என்றால் 3/8 பிக்கோ. டிரைவ் லிங்கில் கேஜின் கடைசி இலக்கம் இருக்கும்: 1, 3, 5, 6. ஓரிகன் கம்பெனியின் செயினில் டிரைவ் லிங்கில் இருக்கும் இரண்டிலக்க எண் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடும். 91 என்றால் தாழ்ந்த 3/8, கேஜ் 1.3. 20, 21, 22 மூன்றும் .325, வரிசையாக 1.3, 1.5, 1.6. 72, 73, 75 மூன்றும் 3/8, வரிசையாக 1.3, 1.5, 1.6.

நீளம் என்பது பாரின் முழு நீளம் அல்ல. மெஷின் உடம்பிலிருந்து வெளியே மூக்கு நுனி வரை வெட்டப் பயன்படும் நீளம். ஆனால் நீளத்தை நம்பிச் செயின் வாங்கக் கூடாது, டிரைவ் லிங்கை எண்ணித்தான் வாங்க வேண்டும். 35 சென்டிமீட்டர் பார் என்றால் எம்எஸ் 170இல் 50 டிரைவ் லிங்க். அதே 14 அங்குலம் சிறிய ஹஸ்க்வர்னாக்களில் 52. 40 சென்டிமீட்டரில் ஸ்டீலுக்கு 55, அவற்றுக்கு 56. வால் வடிவம் வேறு, ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பார் தொடங்கும் தூரம் வேறு என்பதால் இந்த வித்தியாசம்.

வால் வடிவம்

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக. பாரின் வாலில் மெஷினின் போல்ட்டு நுழையும் நீண்ட வெட்டு, செயினை இறுக்கும் ஊசி நுழையும் துளை, எண்ணெய்த் துளை மூன்றும் இருக்கும். வெட்டின் அகலம் சரியாக இருந்து எண்ணெய்த் துளை ஐந்து மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பார் மெஷினில் உட்காரும், செயின் ஓடும், எண்ணெய் மட்டும் வெளியில் கொட்டும். ஒரு நாள் வேலையில் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். பார் பொருந்தியது என்று நினைத்தவருக்குக் காரணமே விளங்காது.

ஓரிகன் இந்த வடிவங்களுக்கு வைத்த குறியீடுகள்தான் உலகம் முழுவதும் கடைகளில் பேச்சு மொழி ஆகிவிட்டன. மற்ற கம்பெனிகளும் தங்கள் பெட்டியில் அவற்றையே போடுகின்றன. டி025 என்பது ஸ்டீலின் நடுத்தர, பெரிய மெஷின்களுக்கு: எம்எஸ் 260 முதல் எம்எஸ் 381, அதற்கு மேலும். ஸ்டீல் தன் பாகம் எண்ணில் இதை 3003 என்று தொடங்கும். ஏ074 என்பது சிறிய ஸ்டீலுக்கு, எம்எஸ் 170, 180 போன்றவை. ஸ்டீலின் எண் 3005. டி009 என்பது ஹஸ்க்வர்னாவின் பெரிய மெஷின்கள், உங்கள் 365 இதில் சேரும். கே095 அதே கம்பெனியின் நடுத்தர .325 மெஷின்களுக்கு. ஏ041 பல கம்பெனிகளின் சிறிய மெஷின்களுக்குப் பொது. பழைய ஸ்டீல் 070, 090 வைத்திருப்பவர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கு 3002.

டி025இன் வெட்டு 12 மில்லிமீட்டர் அகலம், டி009 9 மில்லிமீட்டர். 381இன் பாரை 365இல் போட்டால் லொடலொடவென்று நிற்கும். சிலர் நடுவில் தகடு செருகி ஓட்டுகிறார்கள். தனியாக விற்கும் அடாப்டர் வளையம் போட்டு, எண்ணெய் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்து ஓட்டலாம். வெறும் தகடு வேண்டாம். ஓடும்போது பார் நகர்ந்தால் செயின் கழன்று வரும், அது வலது கையைத் தேடித்தான் வரும்.

உங்கள் மூன்று மெஷினுக்கும் என்ன வாங்குவது

381க்கு 3/8, கேஜ் 1.6. 50 சென்டிமீட்டர் பாருக்கு 72 டிரைவ் லிங்க், 63க்கு 84. 365க்கு 3/8, வழக்கமாகக் கேஜ் 1.5. 18 அங்குலத்துக்கு 68, 20க்கு 72, 24க்கு 84. இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரண்டு மெஷினுக்கும் 72 டிரைவ் லிங்க் செயின். பக்கியின் (சிறிய சரக்கு வண்டியின்) பின்னால் ஒரே வாளியில் கிடந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 1.6 செயினை 1.5 பாரில் போட்டால் இறங்காது, உடனே தெரியும். 1.5 செயினை 1.6 பாரில் போட்டால் ஓடும், ஆனால் சாய்ந்து ஓடி விளிம்பை ஒரு பக்கமாகத் தின்னும். இரண்டு மெஷின் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது, 365க்கு டி009 வாலில், 20 அங்குலத்தில், 1.6 கேஜ் பாரைக் கேட்டு வாங்குவது. அப்படி ஒரு பார் உண்டு. டிரைவ் ஸ்ப்ராக்கெட் பிட்சை மட்டும்தான் பார்க்கும், கேஜைப் பார்க்காது. அதன்பின் ஒரே செயின் இரண்டிலும் ஓடும், செயின் சுருளில் வெட்டி வாங்கினாலும் ஒரே வகை போதும். பழைய 1.5 செயின்களை மட்டும் அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

170க்கு 3/8 பிக்கோ, 30 சென்டிமீட்டருக்கு 44 டிரைவ் லிங்க், 35க்கு 50. இந்த மெஷின் 1.1 கேஜிலும் வருகிறது, 1.3இலும் ஓட்டுகிறார்கள். ஆகவே உங்களுடையது எது என்று டிரைவ் லிங்கைப் பார்த்துச் சொல்லுங்கள். இதில் 40 போட ஆசைப்பட வேண்டாம். மெஷினின் பலம் 35க்கே சரி, காய்ந்த கம் (யூகலிப்டஸ்) மரத்தில் அதுவும் திணறும்.

பாரின் வாலில் அடித்திருக்கும் எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஓரிகனில் 208விஎக்ஸ்எல்ஹெச்டி009 என்று இருந்தால் முதல் இரண்டு இலக்கம் 20 அங்குலம், அடுத்த 8 என்பது கேஜ் 1.5, நடுவில் வரும் எழுத்துகள் பாரின் வகை, கடைசி ஹெச் 3/8 பிட்ச், முடிவில் டி009 வால். மூன்றாவது இலக்கம் 0 ஆனால் 1.3, 3 ஆனால் 1.6. பிட்ச் எழுத்து ஈ என்றால் தாழ்ந்த 3/8, பி என்றால் .325. நான் மேலே சொன்ன 1.6 பாரின் எண் 203 என்று தொடங்கும்.

யார் செய்கிறார்கள்

உலகில் நல்ல பார் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடையில் தெரியும் பெயர்கள் அவற்றைவிட மிக அதிகம்.

ஓரிகன்: அமெரிக்காவின் போர்ட்லந்தில் ஜோசப் காக்ஸ் 1947இல் தொடங்கிய செயின் கம்பெனி. பிறகு ஓமார்க், பிளவுன்ட் என்று பல பெயர் மாறி இன்று ஓரிகன் டூல். கனடாவின் குவெல்ஃப், பிரேசிலின் குரிச்சிபா, சீனாவின் ஃபூச்சோ ஆகிய இடங்களில் ஆலைகள் உண்டு. ஆகவே ஓரிகன் பெட்டியில் சீனாவில் செய்தது என்று கண்டால் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போட்டிக் கம்பெனியாக இருந்த கார்ல்டனை 2008இல் இவர்களே வாங்கிவிட்டார்கள். மெஷின் செய்யும் பல கம்பெனிகள் தங்கள் பெயரை அடித்து விற்கும் பாரையும் ஓரிகன்தான் செய்து கொடுக்கிறது.

ஸ்டீல் தன் பாரைத் தானே செய்கிறது, ஜெர்மனியிலும் அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சிலும். செயின் சுவிட்சர்லாந்தின் வில் நகரத்து ஆலையிலிருந்து. மெஷின், பார், செயின் மூன்றையும் ஒரே வீட்டில் செய்யும் கம்பெனி இது, அதில் ஒரு நிதானம் தெரியும். தென்னாப்பிரிக்கத் தலைமையகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, பாகம் எண் தெரிந்தால் கிடைக்காமல் போவது அபூர்வம். ஹஸ்க்வர்னா தன் பெயரில் எக்ஸ்-ஃபோர்ஸ், எக்ஸ்-டஃப் என்று பார் விற்கிறது. அந்தப் பெயரில் வருவதெல்லாம் ஸ்வீடனில் செய்தது என்று எண்ண வேண்டாம். வெளி ஆலைகளில் செய்து வாங்கிய பார்களும் அதன் பெயரில் உண்டு.

ஜப்பானில் சுமுரா, சுகிஹாரா என்று இரண்டு கம்பெனிகள். இரண்டும் திடமான எஃகுப் பாருக்குப் பெயர் பெற்றவை. எடை குறைப்பதற்காக உள்ளே குடைந்த பார்களும் செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஜிபி, கடினமான கம் மரத்துக்கென்றே வளர்ந்த கம்பெனி. கனடாவின் லாங்லி ஊரில் கேனன், நீளமான பார்களுக்குப் பேர்போனது. ஸ்வீடனின் இக்கசுண்ட் பெரும்பாலும் ஹார்வெஸ்டர் என்னும் பெரிய மரம் வெட்டும் எந்திரங்களுக்கு. அவை .404 பிட்ச், 2.0 மில்லிமீட்டர் கேஜ். கை மெஷினுக்கும் அதற்கும் தொடர்பில்லை, பேரம் படிந்தது என்று வாங்கிவிடாதீர்கள்.

மீதிப் பெயர்கள் பெரும்பாலும் சீன ஆலைகளில் செய்து, இறக்குமதியாளர் தன் பெயரை அடித்தவை. அவற்றில் நல்லதும் உண்டு, தகரமும் உண்டு. ஒரே பெயரில் இந்த வருடம் வந்தது ஒரு ஆலை, அடுத்த வருடம் வேறு ஆலை என்று இருக்கும். அதனால் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, பாரைக் கையில் எடுத்துத்தான் சொல்ல முடியும்.

கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

பாரின் பக்கவாட்டில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல. வளைவு தெரியக் கூடாது. மூக்கு ஸ்ப்ராக்கெட்டை விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. உங்கள் செயினில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போய்க் காடியில் இழுத்துப் பாருங்கள், மூக்கு முதல் வால் வரை ஒரே இறுக்கத்தில் ஓட வேண்டும். மலிவான பாரில் ஓரிடம் பிடிக்கும், ஓரிடம் ஆடும். பழைய அரம் ஒன்றின் முனையை விளிம்பில் மெல்ல இழுத்தால் நல்ல பாரில் வழுக்கிப்போகும், அரம் கடித்துத் தூள் எடுத்தால் விளிம்பைச் சூடேற்றிக் கடினமாக்கவே இல்லை என்று அர்த்தம். கடைக்காரர் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள், அதுவும் வாலுக்கு அருகில். எண்ணெய்த் துளை காடிவரை திறந்திருக்கிறதா என்று ஊசிக் கம்பி விட்டுப் பாருங்கள். துளையில் பெயின்ட் அடைத்த பார்கள் நிறைய வருகின்றன.

வாலில் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண் மூன்றும் அடித்திருக்காத பாரை வாங்கவே வேண்டாம். ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் போதாது, ஒரு மழைக்கு ஸ்டிக்கர் போய்விடும். பிரபலமான கம்பெனியின் பெயர் பெரிதாக அடித்து, விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் அது அந்தக் கம்பெனியின் டீலர் கடையா என்று பாருங்கள்.

எந்த வேலைக்கு எந்த வகை

மூன்று தகடுகளை ஒட்டி வெல்டு செய்த பார் இலேசானது, விலை குறைவு. 170க்கு அது தாராளமாகப் போதும். மூக்கு போனால் முழுப் பாரையும் மாற்ற வேண்டும். ஒரே எஃகுத் தகட்டில் காடி வெட்டிய திடப் பார் 381க்கும் 365க்கும். இதில் மூக்கை மட்டும் மாற்றும் வசதி உள்ளதைக் கேளுங்கள். ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, அதே பிட்ச், அதே கேஜ் மூக்கை வைத்து அடிக்கலாம். விளிம்பு நல்லபடி இருந்து மூக்கு மட்டும் ஆடும் பாருக்கு இது பாதி ஆயுளைத் திருப்பித் தரும்.

மூக்கில் ஸ்ப்ராக்கெட்டே இல்லாமல், கடினமான உலோகம் பற்றவைத்த பாரும் உண்டு. ஸ்டீல் அதை டுரோமேட்டிக் என்கிறது. மண்ணில் இழுத்து வந்த மரம், தீயில் கருகிய தோட்டம், மணல் ஒட்டிய அடிமரம் என்றால் இது நிற்கும், உருளைகளுக்குள் மணல் போகும் பிரச்சினை இல்லை. பிட்சும் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் உராய்வு அதிகம், செயினைக் கொஞ்சம் தளர்வாக வைக்க வேண்டும், எண்ணெய் தாராளமாக ஓட வேண்டும். ரிச்மண்ட், ஹோவிக் பக்கத்துச் செம்மண்ணில் டிராக்டர் இழுத்துப் போட்ட வாட்டில் கட்டைகளை நாள் முழுதும் துண்டு போடுகிறவருக்கு இது பொருந்தும். உங்கள் தீமிதி விறகு நின்ற மரத்தை வெட்டித் துண்டு போடுவது என்றால் சாதாரண மூக்கே போதும். கட்டையை மண்ணிலிருந்து தூக்கி, குறுக்குக் கட்டைமேல் வைத்து அறுங்கள், எந்தப் பாருக்கும் அதுவே பாதி ஆயுள். டர்பன் பக்கத்து வீட்டு மாமரங்களில் பழைய கம்பியும் ஆணியும் புதைந்திருக்கும். அங்கே புதுப் பார், புதுச் செயினோடு போகாதீர்கள்.

மாட்டும்போது

மெஷினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி, கிளட்ச் பக்கத்துத் தூளையெல்லாம் துலக்குங்கள். செயின் இல்லாமல் பாரை மட்டும் மாட்டி, இறுக்கும் ஊசி துளையில் விழுந்ததா, எண்ணெய் வாயும் துளையும் நேருக்கு நேர் வந்தனவா என்று பாருங்கள். பிறகு கழற்றிச் செயினோடு மாட்டுங்கள். நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, மூக்கை மேலே தூக்கிப் பிடித்தபடி செயினை இறுக்கி, தூக்கிய நிலையிலேயே நட்டை முறுக்குங்கள். செயின் அடியில் தொங்கக் கூடாது, கையால் இழுத்தால் ஓட வேண்டும். முதல் சில நிமிடங்கள் பாதி வேகத்தில் எண்ணெயோடு ஓட்டி, அணைத்து, ஆறவிட்டு மறுபடி இறுக்குங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கிப் பாரைக் கவ்வும், வேலை முடிந்ததும் தளர்த்தி வைப்பது அதனால்தான்.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க வெளிர் நிறக் கட்டை அல்லது அட்டைக்கு மேல் ஒரு கை தூரத்தில் மூக்கைப் பிடித்து வேகம் கொடுங்கள், எண்ணெய்க் கோடு விழ வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றாதீர்கள். அதில் உலோகத் துகள் இருக்கிறது, செயினில் ஒட்டாது, பம்பையும் கெடுக்கும், உடம்புக்கும் ஆகாது. சமையல் எண்ணெய் ஊற்றினால் தினமும் ஓடும் மெஷினில் சமாளிக்கும், வாரக்கணக்கில் நிறுத்தினால் பிசினாகி மூக்கையும் பம்பையும் அடைக்கும். மூக்கில் கிரீஸ் துளை இருந்தால் தினமும் கிரீஸ் அடியுங்கள், இல்லாத பாரில் துளை போட வேண்டாம்.

ஒவ்வொரு முறை செயின் தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். எழுத்து தலைகீழாகத் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். அடிவிளிம்பு மட்டும் தேயாமல் இரண்டும் சமமாகத் தேய்ந்தால் ஒரு பாரில் மூன்று நான்கு செயின் ஓட்டலாம்.

இந்த வாரம் கடைக்குப் போகும்போது மூன்று பழைய பாரையும், ஒவ்வொன்றின் செயினையும், 365இன் டிரைவ் ஸ்ப்ராக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். 381க்கு டி025, 3/8, 1.6, 72. 365க்கு டி009, 3/8, 1.6, 72. 170க்கு ஏ074, 3/8 பிக்கோ, உங்கள் கேஜ், 50. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கடைக்காரர் முன்னால் வைத்து, எடுத்துத் தரும் பாரின் வாலில் அதே எண்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.